தண்ணீர் ஊற்றியவர்கள்

பால்கனியில் மூன்றாவது தொட்டிக்கு அடியில் இருந்த தட்டில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. வேலைக்குக் கிளம்பி, கருவிப்பையைத் தோளில் மாட்டிய பிறகுதான் அவன் அதைக் கவனித்தான். முந்தாநாள் ஒரு குவளை ஊற்றியதோடு சரி, பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு குவளைத் தண்ணீர் மண்ணையும் நனைத்துவிட்டுத் தட்டு நிறையவும் நிற்குமா என்று ஒரு கணம் தோன்றியது. இரவில் சாரல் அடித்திருக்கும் என்று தானே பதில் சொல்லிக்கொண்டு, தட்டை எடுத்து மூலையில் இருந்த ஓட்டையில் கவிழ்த்தான். மேல்வீட்டுப் பால்கனி கூரை மாதிரி முழுக்க மறைத்துக்கொண்டிருக்கிற இடத்தில் சாரல் எப்படி வரும் என்று யோசிக்க நேரமில்லை. மூன்று தொட்டிகளிலும் ராஸ்பெர்ரித் தண்டுகள் நுனி மடிந்து தொங்கின. இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடமெல்லாம் மஞ்சளாகியிருந்தது. விளிம்புகள் தீயில் காட்டி எடுத்த காகிதம்போலக் கருகியிருந்தன. பார்த்த எவருக்கும் அவை தாகத்தில் கிடப்பதாகத்தான் தெரியும். குவளையில் தண்ணீர் பிடித்துவந்து மூன்றுக்கும் பகிர்ந்து ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

கூடத்தில் மாமனார் பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். வந்த புதிதில் லிப்டில் ஏறுகிறவர்களிடம் பழக்கதோஷத்தில் "உள்ள தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரிப்பார். இப்போதெல்லாம் மூலையில் சுவரைப் பார்த்து நிற்கிறார் என்று வாசல் காவலாளி ஒருநாள் அவனிடம் சொன்னான். "வரேன் மாமா" என்றான். "சரிங்க மாப்பிள்ளை" என்றார் அவர். அநேகமாக ஒருநாளைக்கு இருவருக்கும் இடையில் இவ்வளவுதான் பேச்சு. பால் தீர்ந்துவிட்டது, சட்டை உலர்ந்துவிட்டது, யாரோ போன் செய்தார்கள் என்ற மாதிரிச் சில்லறை விஷயங்கள் மாலையில் கொஞ்சம் சேரும். ஒரு கூரையின் கீழே இரண்டு வாடகைக்காரர்கள்போல, ஒருவர் குளித்து முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்து, ஒருவர் சாப்பிட்ட தட்டை மற்றவர் கழுவி வைத்து, அவர்கள் காலம் போய்க்கொண்டிருந்தது.

தொட்டிகள் அவளுடையவை. மாமனாருக்கு மகள், அவனுக்கு மனைவி. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபிறகு வாரத்தில் பாதி நாளை டயாலிசிஸ் நாற்காலியில் கழித்தவள். அவளுக்கு வாழைப்பழம் ஆகாது, ஆரஞ்சு ஆகாது, தக்காளியைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லித்தரும் ஆஸ்பத்திரிப் பெண் ஒருநாள், ராஸ்பெர்ரி ஒரு கைப்பிடி தின்னலாம், உறையவைத்து ஒவ்வொன்றாக வாயில் போட்டுச் சப்பினால் தாகம்கூடக் கொஞ்சம் அடங்கும் என்று சொன்னாள். அன்று சாயங்காலமே அவனைக் கூட்டிக்கொண்டு நர்சரிக்குப் போனாள். தின்னக்கூடியது என்று ஒன்று அகப்பட்டுவிட்ட சந்தோஷத்தில், முதல் வருஷம் தண்டு மட்டும்தான் வளரும், மறுவருஷம்தான் பழம் என்று நர்சரிக்காரம்மா சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தண்டுகள் அவள் தோள் உயரத்துக்கு வளர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் குச்சி ஊன்றி, தன் பழைய பாவாடை நாடாவை வெட்டித் தளர்வாகக் கட்டினாள். இலை உதிர்ந்து குளிர் வந்தது. குளிர் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். தண்டுகள் நின்றன.

அவளுடைய கடைசி மாதங்களில் அந்த வீட்டில் தண்ணீர்தான் எல்லாமாக இருந்தது. உள்ளே போகிற தண்ணீர் வெளியே வர வழியில்லாத உடம்பு. மாத்திரைக்கும் தாகத்துக்கும் சேர்த்து இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்ன அளவுக்கு, பாட்டிலில் கறுப்பு மையால் அவன் கோடு போட்டான். கோடு அவன் பொறுப்பு. லிப்ட் மெக்கானிக்கான அவனுக்கு அளவில் நம்பிக்கை அதிகம். கயிறு இவ்வளவு தேயலாம், இதற்கு மேல் தேய்ந்தால் மாற்ற வேண்டும், அதில் இரக்கத்துக்கு இடமில்லை. குளியலறைக் குழாயில் அவள் கையேந்திக் குடித்ததை ஒருநாள் பார்த்துவிட்டான். ஸ்பானரை எடுத்துவந்து, குழாயின் கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அவள் கதவில் சாய்ந்து நின்று, "லிப்டுக்குத்தான் பூட்டுப் போடுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். உதடு வெடித்து உப்புப் பூத்திருந்தது.

மகளைப் பார்த்துக்கொள்வதற்காக மாமனார் தன் வாடகை வீட்டைக் காலி செய்து, பாத்திரங்களை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட்டு, ஒரே பெட்டியோடு வந்து சேர்ந்தவர். மனைவி போனபிறகு ஒற்றை ஆளாக வளர்த்த பெண். அவன் வேலைக்குப் போனபிறகு அவள் கேட்பாள். அவர் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர். அரை டம்ளர், கால் டம்ளர், ஒரு மிடறு. அவனுக்குத் தெரியும். டயாலிசிஸுக்கு முன்னால் எடை போடும்போது முள் காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பற்றி அவருடன் இரண்டொரு தடவை சத்தமும் போட்டிருக்கிறான். அவர் தலையைக் குனிந்துகொண்டு, இனிமேல் இல்லை மாப்பிள்ளை என்பார். மறுநாளும் கொடுப்பார்.

அவள் மூச்சுத் திணறி, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் இறந்தாள். தீவிர சிகிச்சை அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்ட நடையில், அவனுடைய அக்காவும் இன்னும் சில உறவுக்காரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் மாமனாரிடம் அந்த வார்த்தையைச் சொன்னான்.

"நீங்க குடுத்த தண்ணிதான் மாமா அவளக் கொன்னுடுச்சு."

அவர் கையில் அவளுடைய செருப்பை வைத்திருந்தார். அதைக் கீழே வைக்க இடம் தேடுகிறவர்போலச் சுற்றுமுற்றும் பார்த்தார். அதன்பிறகு அந்த வார்த்தையை இருவரும் எடுக்கவில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பது அவனுக்குத் தெரியாததல்ல.

அக்கா வாராவாரம் போனில் கேட்டாள். பெண்ணே போனபிறகு மாமனார் என்ன கணக்கில் அங்கே இருக்கிறார், அவருக்குச் சொந்தத் தம்பி இருக்கிறாரே, அவர் வீட்டு மாடியில் அறைகூட இருக்கிறதாமே. அவள் கெட்டவள் அல்ல. தன் தம்பிக்கு இன்னும் வயதிருக்கிறது, இப்படியே எத்தனை நாள் என்ற கவலைதான். "நீ சொல்ல வேணாம்டா, நான் பக்குவமா சொல்றேன்" என்றாள். வேண்டாம் என்றான். அவர் போய்விட்டால் வீட்டில் தான் மட்டும் இருக்க வேண்டியிருக்கும் என்பது ஒரு காரணம். அவரை வைத்துக்கொண்டிருப்பது பெருந்தன்மை அல்ல என்று அவனுக்குத் தெரிந்திருந்தது இன்னொன்று.

வெயில் காலம் தொடங்கி இலைகள் விரிந்தபோதே செடிகளுக்கு ஏதோ ஆகிவிட்டது. பழம் வரவேண்டிய தண்டுகளில் மொட்டு காணவில்லை. அவன் உரம் வாங்கிப் போட்டான், சோப்புத் தண்ணீர் தெளித்தான், தொட்டிகளை வெளிச்சம் பார்த்துத் திருப்பி வைத்தான். நாளுக்கு நாள் மோசமாயிற்று. கடைசியில் ஒரு தண்டை வெட்டிப் பேப்பரில் சுற்றி நர்சரிக்கு எடுத்துப்போனான். நர்சரிக்காரம்மா தண்டைப் பார்த்ததைவிட அவன் பேச்சைத்தான் உன்னிப்பாகக் கேட்டாள். வாடினால் என்ன செய்வீர்கள் என்றாள். தண்ணீர் ஊற்றுவேன் என்றான். அப்புறமும் வாடினால் என்றாள். இன்னும் கொஞ்சம் ஊற்றுவேன் என்றான்.

"தாகத்துல வாடற செடியும் தண்ணில முங்குற செடியும் ஒரே மாதிரிதான் தலையத் தொங்கப்போடும்" என்றாள் அவள். வேர் அழுகிவிட்டால் மண் முழுக்க ஈரம் இருந்தும் உறிஞ்ச வழியிருக்காது, மேலே பார்த்தால் வறட்சிபோலவே தெரியும் என்று விளக்கினாள். தொட்டியைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னாள். கறுத்த வேரையெல்லாம் வெட்டி, கெட்டியாக வெளுப்பாக இருப்பதை மட்டும் விட்டு, புது மண்ணில் வைத்து, தண்டுகளையும் முழங்கால் உயரத்துக்குக் குறைத்து, நிழலில் வைக்க வேண்டும். பிழைக்குமா என்று அவன் கேட்டதற்கு, வேரைப் பார்க்காமல் ஆரூடம் சொல்ல நான் என்ன ஜோசியக்காரியா என்றாள். தட்டில் தேங்கிநிற்கும் அளவுக்கு எதற்கு ஊற்றுகிறீர்கள் என்று அவள் கேட்டபோது, தான் அவ்வளவு ஊற்றுவதில்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டான்.

அடுத்த வாரம் ஒரு கட்டடத்தில், மழைநீர் புகுந்த லிப்ட் குழியில் காலையிலிருந்து பம்ப் வைத்து இறைத்தும், உள்ளே எரிந்துபோன ஒரு பாகத்துக்கு மாற்று கிடைக்காமல் வேலை பாதியில் நின்றது. மதியமே வீட்டுக்கு வந்துவிட்டான். சாவி போட்டுத் திறந்தது மாமனாருக்குக் கேட்கவில்லை. பால்கனிக் கதவு திறந்திருந்தது. அவர் தொட்டிகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கெட்டிலின் மூக்கு வழியாகத் தண்ணீரை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தார். மண் குடிக்கும்வரை பொறுத்து, மறுபடி விட்டார். பிறகு விரல்களை நனைத்து, தொங்கிய இலைகளின் விளிம்பில் ஒவ்வொன்றாகத் தடவினார். கடைசி இரண்டு நாளும் ஆஸ்பத்திரியில் ஈரப்பஞ்சால் அவள் உதட்டை நனைத்தது அதே கைதான், அதே பக்குவம்தான். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான். எட்டு மாடியையும் படிக்கட்டில் இறங்கி, தெருமுனையில் நெடுநேரம் நின்றுவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வீடு திரும்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தார்ப்பாயை விரித்து, வாங்கிவந்த மண் மூட்டையைப் பிரித்தான். வேர் அழுகியிருக்கிறதாம் மாமா, மாற்றி வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னான். கேட்காமலேயே அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். முதல் தொட்டியைச் சாய்த்து, பக்கங்களைத் தட்டி இழுத்தபோது, அடைத்த சாக்கடையின் நாற்றம் எழுந்தது. மண் சேறாக இருந்தது. வேரைத் தொட்டதும் மேல்தோல் மட்டும் உறைபோலக் கழன்று கையோடு வந்தது, உள்ளே கறுப்பு நூல் மிஞ்சியது. முழுக்க அப்படித்தான். தேடித்தேடிப் பார்த்தும் வெள்ளையாக ஒன்று இல்லை. அந்தச் செடியைத் தார்ப்பாயின் ஓரத்தில் வைத்தான்.

இரண்டாவதில் அடிப்பக்கம் போய்விட்டிருந்தது. மேலே, தண்டை ஒட்டி, நாலைந்து வேர்கள் கெட்டியாக இருந்தன. மூன்றாவதும் ஏறக்குறைய அப்படித்தான், அதில் இன்னும் குறைவு. மாமனார் செடியைக் கழுத்துப் பக்கம் பிடித்துக்கொள்ள, அவன் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் அழுகலை வெட்டினான். தண்டின் முட்கள் அவர் உள்ளங்கையில் ஏறியிருக்கும், அவர் பிடியை மாற்றவில்லை. வெட்டிய வேர்கள் குவியலாகச் சேர்ந்தன. அவர் அந்தக் குவியலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இதுவும் நான் குடுத்த தண்ணிதானா, மாப்பிள்ளை?"

குரலில் குத்தல் இல்லை. எங்கே ஏறினீர்கள் என்று பயணியிடம் கேட்பதுபோல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் அவனைப் பிடித்து உலுக்கியது. கத்தியைக் கீழே வைத்தான்.

"நானும் ஊத்தினேன் மாமா" என்றான். "நீங்க பகல்ல ஊத்துனீங்க. நான் காலைல ஊத்தினேன்."

அவர் தலையை ஆட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவன் நிறுத்தவில்லை. காரியமெல்லாம் முடிந்தபிறகு, காகிதங்களில் கையெழுத்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொன்னான். டாக்டரிடம், அந்தத் தண்ணீரால்தானே என்று அவனே கேட்டிருந்தான். டாக்டர் பழைய ஸ்கேன்களை எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் ரொம்ப நாளைக்கு முன்பே தளர்ந்துவிட்டது, அரை டம்ளர் கால் டம்ளரால் ஆனதில்லை, எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இந்தக் குளிரைத் தாண்டியிருக்கமாட்டாள் என்று சொல்லியிருந்தார். யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று அவன் தோளைத் தட்டி அனுப்பியிருந்தார். படியிறங்கும்போதே அதை மாமாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தான். வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் வாய் வரவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று விட்டது மாதங்களாகிவிட்டது. இதையெல்லாம் அவன் சேற்றுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், கோர்வையில்லாமல் சொல்லி முடித்தான். ஏன் சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. மாமனார்மேல் பழி இருக்கும்வரை பாட்டிலில் போட்ட கோட்டுக்கு ஒரு அர்த்தம் இருந்தது. அது போனால் இதுவும் போகும்.

மாமனார் செடியை விடவில்லை. கீழே தெருவில் யாரோ கம்பளம் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அழுவார் என்று எதிர்பார்த்தான், அல்லது எழுந்து அடிக்கக்கூடச் செய்வார் என்று. அடித்தால் நல்லது என்றிருந்தது. அவர் ரொம்ப நேரம் கணக்குப் பார்க்கிறவர்போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்போ, கேட்டப்பல்லாம் குடுத்திருக்கலாம்ல?"

அவன் மண்ணைப் பார்த்தான். டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவன் ஒளிந்துகொண்டிருந்தது அந்தக் கேள்வியிடமிருந்துதான். மாமனாரிடமிருந்து அல்ல.

"குடுத்திருக்கலாம் மாமா" என்றான்.

பிழைக்கக்கூடிய இரண்டையும் புதுமண்ணில் வைத்து, தண்டுகளை வெட்டி, நிழலில் ஒதுக்கினார்கள். செத்துப்போன முதல் செடியை அவர் பேப்பரில் சுற்றி, குப்பைத் தொட்டிவரை தானே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். கைகளைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார். குழாய் நெடுநேரம் ஓடியது.

பிறகு வந்த நாட்களில் பால்கனிக் கதவை இருவருமே அதிகம் திறக்கவில்லை. மண் காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் காட்ட வேண்டும் என்று நர்சரிக்காரம்மா சொல்லியிருந்தாள். யார் தொட்டுப் பார்ப்பது என்று ஒரு தயக்கம். ஒருவர் கை நீட்டினால் மற்றவருக்கு எதுவோ ஞாபகம் வந்துவிடும் என்ற கூச்சம். சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் கூஜாவை மாமனார் அவன் பக்கம் நகர்த்துவார், அவன் அவர் பக்கம் நகர்த்துவான். முன்பெல்லாம் இருவருக்கும் நடுவில் ஒரு குற்றவாளி இருந்தார், அதனால் ஒருமாதிரி ஒழுங்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. ஒரு இரவு அவர் அறையிலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. தம்பியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். மாடி அறையில் வெயில் அதிகமா என்று விசாரித்தார்.

காலையில் தேநீர் குடிக்கும்போது, அங்கே போய்க் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை. இருங்கள் மாமா என்று சொல்ல நினைத்தான். எதற்காக இருக்கச் சொல்கிறீர்கள் என்று அவர் கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல், எந்தப் பஸ்ஸில் போவீர்கள் என்று கேட்டான். அவர் சொன்னார். எந்தத் தடம், எங்கே மாற வேண்டும், எந்த வண்டியில் கூட்டம் குறைவு என்றெல்லாம் விவரமாகச் சொன்னார். அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் அவ்வளவு நேரம் பேசியது அப்போதுதான். பேசி முடித்துவிட்டு, விருந்தாளி கேட்பதுபோலத் தயங்கிக் கேட்டார்.

"ஒரு தொட்டிய நான் எடுத்துட்டுப் போகவா?"

இருவரும் பால்கனிக்குப் போனார்கள். இரண்டாவது தொட்டியில், வெட்டிய தண்டின் கணுவில் அரிசி அளவுக்குச் சிவப்பாக ஏதோ புடைத்திருந்தது. மொட்டாக இருக்கலாம், காய்ந்துபோகிற கணுவாகவும் இருக்கலாம். மற்றதில் ஒன்றுமே இல்லை, மண்ணில் ஊன்றிய குச்சிகள்போலத்தான் நின்றன. அவன் கணு புடைத்திருந்த செடியின் தொட்டியைத் தூக்கினான். அவர் அவன் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"அது இங்க இருக்கட்டும். பொழைக்காததுகிட்ட உக்காந்திருக்க எனக்குத்தான் நேரம் இருக்கு" என்றார்.

பஸ் நிலையம்வரை அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான், தொட்டியை அவர் கொடுக்கவில்லை. வண்டியில் கூட்டமில்லை. ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து தொட்டியைப் பாதங்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். அக்காவிடம் சொல்லிவிடுங்கள் என்றார். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள் என்றார். சரி மாமா, சரி மாமா என்று அவன் ஜன்னலுக்குக் கீழே நின்றான். இளவயதுக் கண்டக்டர் ஒருவன் ஏறி, அவரைத் தாண்டிப் போகும்போது தொட்டியை எட்டிப் பார்த்து, செத்த செடியை எங்கே கொண்டுபோகிறார் என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினான். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. வண்டி புறப்பட்டு நிலையத்து வாசலில் இருந்த பள்ளத்தில் இறங்கி ஏறிக் குலுங்கியது. அப்போது அவர் சட்டென்று குனிவதை அவன் கண்டான். ஜன்னலில் தலை தெரியவில்லை, வளைந்த முதுகு மட்டும் தெரிந்தது. வண்டி திருப்பத்தில் மறையும்வரை அவர் நிமிரவே இல்லை, அந்த மொட்டைக் குச்சிகள் ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.